கிளிக்குக்குக் காசு கொடுத்தோம்: கையில் நின்றது எவ்வளவு?

காவேரிப்பட்டணம், சாலிட்வொர்க்ஸ் டிராயிங்

ஓசூர் சிப்காட்டில் அச்சும் கருவியும் செய்யும் ஒரு டூல் ரூமில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி, வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஃபிரீலான்ஸ் தளம் ஒன்றின் வழியாக வெளிநாட்டு கிளையன்ட்களுக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு வருடம் ஆகிறது, 31 ரிவ்யூ இருக்கிறது. மாதம் நாலைந்து ஆர்டர் வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் தளத்திலேயே கிக்குக்கு, அதாவது என்ன வேலை செய்து தருவோம் என்று நாம் அங்கே போட்டு வைக்கும் பக்கத்துக்கு, விளம்பரம் போடலாம் என்ற வசதி கண்ணில் பட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபைவர் மாதிரி தளங்களில் இது கிளிக் கணக்கு. தேடலில் நம் கிக்கை விளம்பரம் என்ற குறியோடு முன்னால் காட்டுவார்கள். காட்டியதற்குக் காசு இல்லை, யாராவது தொட்டு உள்ளே வந்தால்தான் காசு. ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவேன், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நாம் சொல்லிவிட வேண்டும். உள்ளே நடப்பது ஏலம்தான். வந்தவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கிளிக்குக்கான காசு போனது போனதுதான்.

நான் 30 நாள் ஓட்டினேன். 11,400 முறை காட்டியிருக்கிறார்கள். கிளிக் 63. சராசரியாக ஒரு கிளிக்குக்கு 70 சென்ட், மொத்தம் 44 டாலர் 10 சென்ட். வந்த ஆர்டர் இரண்டு: ஒன்று 60 டாலர், இன்னொன்று 25. தளத்தின் பங்கு 20 சதவீதம் போக 68 டாலர். விளம்பரச் செலவையும் கழித்தால் 23 டாலர் 90 சென்ட். அந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து 19 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மணிக்கு நூறு ரூபாயைச் சுற்றித்தான் வருகிறது. டூல் ரூமில் கடைசியாக வாங்கிய சம்பளம் இதைவிட மேல்.

ஆனால் தளத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதம் வந்த மெசேஜ்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒருவர் மோதிரத்துக்கு டிசைன் கேட்டிருக்கிறார். ஒருவருக்கு விளையாட்டுப் பொம்மை வேண்டும். இன்னொருவர் தன் மனதில் இருக்கும் கருவிக்கு உருவம் கொடுக்கச் சொல்கிறார். என் கிக்கின் தலைப்பு 'எந்த 3டி மாடலும் செய்து தருகிறேன்'. எல்லோரையும் கூப்பிட்டது நான்தான், வந்த ஒவ்வொருவருக்கும் 70 சென்ட் கட்டியதும் நான்தான்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் இதில் நிறைய பேர் இருக்கிறீர்கள். காசு கொடுத்து விளம்பரம் போட்டவர்கள் உங்கள் கணக்கையும் சொல்லுங்கள். வந்ததையும் போனதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஓசூர், சப்டைட்டில் மொழிபெயர்ப்பு

அண்ணா, நான் அப்வொர்க்கில் இருக்கிறேன், அதுவும் ஃபிரீலான்ஸ் தளம்தான். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவள். ஓசூரில் இது பெரிய விஷயமே இல்லை, ஆனால் எனக்குச் சோறு போடுவது அதுதான்.

இங்கே கணக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஒரு கனெக்ட் 15 சென்ட். விண்ணப்பத்தை மேலே காட்ட வேண்டுமென்றால் கூடுதல் கனெக்ட்ஸ் வைத்து ஏலம் கேட்க வேண்டும். அதைத்தான் பூஸ்ட் என்கிறோம். மேலிடம் கிடைக்காமல் போனால் ஏலத்துக்கு வைத்தது திரும்பி வரும், விண்ணப்பத்துக்குக் கட்டியது வராது.

எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். 60 விண்ணப்பம், ஒன்று விட்டு ஒன்று பூஸ்ட். பூஸ்ட் செய்யாத 30-இல் கிளையன்ட் திறந்து பார்த்தது 9, பேச்சு வரை போனது 4, வேலை 2. பூஸ்ட் செய்த 30-இல் திறந்து பார்த்தது 14, பேச்சு 5, வேலை 2. ஏலத்தில் தோற்றுத் திரும்பி வந்தவை போக 19 விண்ணப்பத்துக்கு 456 கனெக்ட்ஸ் செலவு, 68 டாலர் 40 சென்ட். கூடுதலாக ஐந்து பேர் என் விண்ணப்பத்தைத் திறந்தார்கள். வேலை என்னவோ அதே இரண்டுதான்.

இத்தோடு விட்டிருந்தால் பூஸ்ட் வீண் என்று எழுதியிருப்பேன். ஆனால் அந்த இரண்டில் ஒன்று எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

இரவு 9:40-க்கு வேலை போட்டார்கள், அமெரிக்காவில் அப்போது பகல். கன்னட வீடியோவுக்குத் தமிழ் சப்டைட்டில். மாதிரிக்கு ஒரு நிமிடத் துண்டு இணைத்திருந்தார்கள், அதில் ஏற்கெனவே இயந்திரம் போட்ட தமிழ் வரிகள் ஓடின. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு முடித்ததும் அம்மா பெருமூச்சு விட்டு 'ஹோக்லி பிடு' என்கிறார். போனால் போகட்டும், விடு என்று அர்த்தம். கீழே வந்த வரி: 'போகட்டும் பிடி'. கன்னட 'பிடு' நம் 'விடு'. அது பிடி ஆனதும் அம்மா சொன்னதே தலைகீழாகிவிட்டது. என் விண்ணப்பத்தின் முதல் இரண்டு வரியில் இதை மட்டும் எழுதினேன். பட்டியலில் கிளையன்ட் கண்ணுக்குத் தெரிவது அந்த முதல் வரிகள்தான். பத்து மணிக்குள் அனுப்பினேன், பூஸ்டும் வைத்தேன். பதினொன்றுக்கு பதில் வந்துவிட்டது.

பூஸ்ட் அந்த வரியை அவர் கண் முன்னால் கொண்டுபோய் வைத்தது. வேலையை வாங்கித் தந்தது வரி. அதே பூஸ்டை வைத்து 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஐந்து வருட அனுபவம்' என்று அனுப்பியவை எல்லாம் போன இடம் தெரியவில்லை. இப்போது நான் பூஸ்ட் வைப்பது வேலை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால், விண்ணப்பம் பத்தைத் தாண்டாமல் இருந்தால், தொகை 200 டாலருக்கு மேல் இருந்தால், அதுவும் என் மூன்று மொழியில் இரண்டையாவது கேட்டிருந்தால் மட்டும். மாதம் மூன்றோ நாலோதான் தேறுகிறது.

பாலக்கோடு, லோகோ டிசைன்

அக்கா, அண்ணா, என்னுடையது நல்ல அனுபவம் இல்லை. புதிதாக வருகிற தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தக்காளி விலை விழுந்த நேரம். வீட்டில் கேட்க முடியவில்லை. என் அக்கா மகளிர் குழுவில் கடன் எடுத்து 5,000 ரூபாய் கொடுத்தாள். அப்போது என் கணக்கில் ஒரு ரிவ்யூகூட இல்லை. 2,000 ரூபாயை விண்ணப்பத்தை மேலே காட்டுவதற்கே செலவு செய்தேன். பார்த்தார்கள், போனார்கள். இப்போது யோசித்தால் தெரிகிறது, பெயர் தெரியாத கடைக்கு டியூப்லைட் கட்டினால் காலி அலமாரிதான் பளிச்சென்று தெரியும்.

அப்புறம்தான் பெரிய தப்பு. டெலிகிராமில் ஒருவர் வந்தார். முதல் பக்கத்தில் கொண்டுவருகிறேன், ஐந்து நட்சத்திர ரிவ்யூ பத்து, 3,000 ரூபாய் என்றார். இதுவும் விளம்பரம்தான் தம்பி, எல்லோரும் செய்கிறார்கள் என்றார். பேச்சு அவ்வளவு மரியாதையாக இருந்தது. ஐந்து டாலர் ஆர்டராக நாலு வந்தது, நாலும் ஒரே நாளில். ஐந்தாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே போனைப் பார்க்கிறேன், கணக்கு மூடப்பட்டது என்று மின்னஞ்சல். ரிவ்யூவைக் காசுக்கு வாங்குவதை எந்தத் தளமும் அனுமதிப்பதில்லை. அவருக்கு எழுதினேன், அவர் என்னை பிளாக் செய்துவிட்டார்.

தளம் தன் கடைக்குள்ளேயே விற்கும் விளம்பரம் வேறு, வெளியிலிருந்து வந்து ரிவ்யூ விற்பவர் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் இழப்பு. அக்கா கடனை வாரா வாரம் நான்தான் கட்டுகிறேன், இன்னும் ஆறு தவணை இருக்கிறது.

தருமபுரி, கணக்கு எழுதுபவர்

மேலே போட்ட கணக்குகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஜிஎஸ்டி எண் கொடுக்காதவர்களுக்கு இந்தத் தளங்கள் வாங்கும் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். ஓசூர் தங்கை சொன்ன 68 டாலர் 40 சென்ட் அப்படிப் பார்த்தால் 80 டாலர் 70 சென்ட்டைத் தாண்டும். அதையும் சேர்த்துத்தான் லாப நஷ்டம் பார்க்க வேண்டும். விளம்பரத்துக்குக் கட்டியது தொழில் செலவு, ரசீதை மாதா மாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் வருமானத்திலிருந்து தளம் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது. பான் எண் கொடுக்காதவர்களுக்கு அதிகம் பிடிப்பார்கள்.

பாலக்கோடு தம்பிக்கு: மனதைத் தளரவிடாதே. எங்கள் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு விதைக்கடை, பலகை எழுத ஆள் தேடுகிறார்கள். தனிச் செய்தியில் நம்பர் அனுப்பியிருக்கிறேன்.

பர்கூர், கிரானைட் ஷாப் டிராயிங்

எனக்கு விளம்பரம் லாபம்தான், ஆனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பேக்டரியில் ஆறு வருடம் இருந்தேன். அமெரிக்காவில் சமையலறை மேடைக்குக் கல் வெட்டிப் பொருத்தும் சின்னச் சின்னக் கடைகள் நிறைய. கடைக்காரர்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் லேசரில் அளவெடுத்து டிஎக்ஸ்எஃப் என்ற டிராயிங் ஃபைலாக அனுப்புவார்கள். சிங்க் எங்கே வெட்டுவது, ஓரம் எப்படி, இரண்டு துண்டு சேரும் கோடு எங்கே விழ வேண்டும், ஒரு ஸ்லாபில் கழிவு குறைய எப்படி அடுக்குவது, இதையெல்லாம் டிராயிங்காகப் போட்டு மெஷினுக்குத் தயாராக அனுப்புவது என் வேலை.

என் கிக்கின் முதல் படம் ஒரு மூலை மட்டும்தான். சிங்குக்காக வெட்டும் ஓட்டையின் உள்மூலை. அதைச் சதுரமாக, கூர்மையாக வெட்டினால் கல் அந்த இடத்தில்தான் விரிசல் விடும், வளைவு கொடுத்து வெட்ட வேண்டும். இடப்பக்கம் கூர்மையான மூலை, அதிலிருந்து ஓடும் மெல்லிய விரிசல். வலப்பக்கம் வளைவும் அதன் அளவும். கல் வேலை தெரியாதவருக்கு இது ஒரு கோடுதான். தெரிந்தவர் பார்த்ததும் நின்றுவிடுவார்.

45 நாள் விளம்பரம். இந்த வேலைக்கு ஏலம் கேட்க ஆள் குறைவு, அதனால் கிளிக் 22 சென்ட்தான். 58 கிளிக், 12 டாலர் 76 சென்ட். மூன்று ஆர்டர்: 90, 90, 140. தளத்தின் பங்கும் விளம்பரமும் போக 243 டாலர் கையில். மூவரில் ஒருவர் இப்போது வாரம் தவறாமல் அனுப்புகிறார், விளம்பரம் இல்லாமலே.

காவேரிப்பட்டணம் அண்ணனிடம் இல்லாத திறமை ஒன்றும் என்னிடம் இல்லை. போச்சம்பள்ளி சந்தையில் முகப்பில் இடம் பிடித்து எல்லாம் கிடைக்கும் என்று கத்தினால் வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் நிற்கும். மாட்டுக் கயிறு என்று சொன்னால் மாடு வைத்திருப்பவன் வருவான்.

இன்னொன்று. வாரா வாரம் அனுப்பும் அந்த கிளையன்ட் வந்ததும் விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். கை நிறைய வேலை இருக்கும்போது புது ஆர்டரையும் இழுத்துப் போட்டு, சொன்ன தேதி தவறினால் ரேட்டிங் இறங்கும். அப்படி இறங்கியதைச் சரிசெய்ய எந்த விளம்பரத்தாலும் முடியாது.

பாலக்கோடு, லோகோ டிசைன்

அண்ணா, ரிவ்யூ இல்லாதவன் எப்போதுதான் விளம்பரம் போடுவது?

பர்கூர், கிரானைட் ஷாப் டிராயிங்

நான் முதல் ஏழு ரிவ்யூ வரும்வரை ஒரு பைசா போடவில்லை தம்பி. பழைய பேக்டரிக்காரர் மூலம் தெரிந்த ஒரு கடைக்காரரை நானே தளத்துக்குள் அழைத்து வந்து, அவர் ஆர்டர் கொடுத்து, அவர் மனதாரப் போட்டதுதான் முதல் ரிவ்யூ. வேலை உண்மை, காசு உண்மை. அப்புறம் மெதுவாக வந்தது. விதைக்கடைப் பலகை, அப்புறம் இன்னும் இரண்டு உள்ளூர் வேலை, மூன்றையும் நன்றாகப் படம் எடுத்து வை. காட்ட ஏதாவது இருக்கும்போது காசு கொடுத்துக் கூப்பிடலாம்.

காவேரிப்பட்டணம், சாலிட்வொர்க்ஸ் டிராயிங்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பர்கூர் தம்பி எழுதியதைப் படித்த அன்றே கிக்கைத் திருத்தினேன். இப்போது தலைப்பு: 'பழைய காகித டிராயிங்கிலிருந்து ஷீட் மெட்டலுக்கு ஃபிளாட் பேட்டர்ன்'. முதல் படம் ஒரு வளைந்த பிராக்கெட், பக்கத்தில் அதையே விரித்துப் போட்ட தட்டையான உருவம், வளைவு விழும் கோட்டில் தகடு எவ்வளவு நீளும் என்ற கணக்கு. டூல் ரூமில் தினமும் செய்ததுதான். இதைப் போய் யாரிடம் காட்டுவது என்று இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்திருக்கிறேன்.

12 நாள் விளம்பரம் ஓடியது. கிளிக் வெறும் 9, ஒன்று 31 சென்ட், மொத்தம் 2 டாலர் 79 சென்ட். மூன்று பேர் மெசேஜ் அனுப்பினார்கள், மூவரும் தகடு வேலைக்காரர்கள், பொம்மை கேட்டு யாரும் வரவில்லை. ஒரு ஆர்டர், 110 டாலர். ஒரே ஒரு ஆர்டரை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று தெரியும், 60 நாள் ஆனதும் முழுக் கணக்கையும் இங்கேயே போடுகிறேன். அதே ஆள் இன்னும் 14 தாள் இருக்கிறது, முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவர் தாத்தா காலத்து டிராயிங், ஓரமெல்லாம் பழுப்பேறி, பென்சிலில் திருத்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றை முடிக்கும்வரை விளம்பரத்தை ஞாயிற்றுக்கிழமை இரவோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பாலக்கோடு தம்பி, விதைக்கடைப் பலகை முடிந்ததும் படத்தை எனக்கும் அனுப்பு. என் கிக்குக்கு ஒரு லோகோ வேண்டும், சரியான விலையைச் சொல்.