சின்ன கராஜுக்கு செர்மி அனுமதி எடுக்கிறது பிரயோசனமோ? (ஜெர்மனி)

டோர்ட்முண்ட்_கராஜ்
எல்லாருக்கும் வணக்கம். டோர்ட்முண்ட் பக்கம் சொந்தமா ஒரு சின்ன கராஜ் வைச்சிருக்கிறன், நானும் இன்னொரு தம்பியும்தான் வேலை. மாஸ்டர் முடிச்சு ஹாண்ட்வெர்க்ஸ்காமர் (கைத்தொழில் சபை) பதிவும் இருக்கு, அதில பிரச்சினை இல்லை. பிரச்சினை என்னெண்டா இப்ப ஒரு காருக்குப் புதுத் திறப்பு (சாவி) கோட் பண்ணவோ, இம்மொபிலைசரோட (சரியான திறப்பு இல்லாட்டி எஞ்சினை ஓடவிடாத பூட்டு) சேர்ந்த கண்ட்ரோல் யூனிட் மாத்தவோ கொம்பனிப் போர்ட்டலுக்குள்ள போனா செர்மி (காரின்ட திருட்டுத் தடுப்பு வேலையளைச் செய்ய கராஜுக்கும் ஆளுக்கும் குடுக்கிற ஐரோப்பிய அனுமதி) கேட்டுக்கொண்டு நிக்குது. முந்தி ஒவ்வொரு கொம்பனிக்கும் தனித்தனியா பேப்பர் அனுப்பி அனுமதி எடுத்து வைச்சிருந்தம், அது இப்ப ஓடேல்ல. திறப்பு வேலைக்கு எண்டு கஸ்டமரை டீலரிட்ட அனுப்பினா அவர் அடுத்த முறை ஒயில் மாத்தக்கூட அங்கதான் போறார், பாக்க வயித்தெரிச்சலா கிடக்கு.

கேள்வி மூண்டு. ரெண்டு பேர் வேலை செய்யிற இடத்துக்கு இது தாங்குமோ? தம்பிக்கும் தனியா எடுக்கவேணுமோ, நான் எடுத்தா காணுமோ? மற்றது, டயக்னோஸ் மெஷின் விக்க வந்த ஒருத்தர் சொன்னார், செர்மி இல்லாட்டி இனி பிரேக் கூட ரீசெட் பண்ணேலாது எண்டு. உண்மையோ?

ரொட்டர்டாம்_அண்ணை
தம்பி, நாங்கள் எடுத்தாச்சு, பயப்பிட ஒண்டுமில்லை. ரெண்டு படி இருக்கு. முதல்ல கராஜுக்கு அப்ரூவல், பிறகு அந்த வேலையைத் தொடுற ஒவ்வொரு ஆளுக்கும் தனி அனுமதி. நீர் மட்டும் எடுத்துப்போட்டு உம்மட லொகினைத் தம்பியிட்ட குடுத்து வேலை செய்யேலாது, அது ஆளோட ஒட்டின அனுமதி. தனி ஆளா கராஜ் நடத்திறவர் கூட ரெண்டு படியும் தாண்டத்தான் வேணும்.

அந்தந்த நாட்டு அக்ரெடிட்டேஷன் அமைப்பு (உங்களுக்கு டாக்ஸ்) ஒத்துக்கொண்ட ஒரு சோதனை நிறுவனத்திட்டத்தான் விண்ணப்பிக்கவேணும். வாகனத் தொழில் உண்மையா செய்யிற கராஜ்தான் எண்டதுக்குப் பதிவுப் பேப்பர், பொறுப்புக் காப்புறுதி, ஆக்களின்ட ஐடி, வேலை ஒப்பந்தம், குற்றப் பதிவு இல்லை எண்டதுக்கு பொலிஸ் நற்சான்று, இவ்வளவும் கேப்பினம். உங்கட பக்கம் அந்த நற்சான்று, ஃப்யூரங்ஸ்ட்சொய்க்னிஸ், 13 யூரோதானே. எல்லாம் சரியெண்டா டிஜிடென்டிட்டி எண்ட டச்சுக் கொம்பனி ஃபோனில டிஜிட்டல் சான்றிதழ் குடுக்கும், அதாலதான் போர்ட்டலுக்குள்ள போறது.

60 மாசத்துக்குச் செல்லும். அதுக்கிடையில சொல்லாமக் கொள்ளாம ஒரு தரமாவது கராஜுக்கு வந்து பாப்பினம், அதால ஃபைலை ஒழுங்கா வைச்சிரும். தம்பி வேலையை விட்டுப் போனா உடன அறிவிக்கவேணும், அதை மறந்துபோடாதேயும்.

தாங்குமோ எண்டு கேட்டால், போன வருஷம் திறப்பு, இம்மொபிலைசர், பூட்டு எண்டு எத்தனை வேலையை டீலரிட்ட தள்ளிவிட்டனீர் எண்டு பில் புத்தகத்தைப் பாரும். மாசத்துக்கு ஒண்டு ரெண்டு வந்தாலே எடுக்கலாம் எண்டுதான் நான் சொல்லுவன். ஒண்டு மட்டும் கவனம், செர்மி எடுத்தா போர்ட்டல் சும்மா திறக்காது, கொம்பனிக்குச் சந்தாக் காசு வேற கட்டவேணும். மணித்தியாலக் கணக்கிலயும் நாள் கணக்கிலயும் வாங்கலாம் எண்டு சட்டத்திலயே இருக்கு, அதால வருஷச் சந்தாவுக்குள்ள மாட்டாதேயும்.

செந்தில்_ஸ்டுட்கார்ட்
மூணாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன், டயக்னோஸ்டிக் சாஃப்ட்வேர்லதான் வேலை பாக்குறேன். உங்ககிட்ட வந்த சேல்ஸ் ஆள் சொன்னது தப்பு. செர்மி கேக்குறது திருட்டைத் தடுக்குற விஷயத்துக்கு மட்டும்தான், அதாவது வண்டிய யாரும் ஓட்டிட்டுப் போகாம வைக்குற அமைப்பு, திருடு போனா தேடிக் கண்டுபிடிக்குற அமைப்பு, இதோட சம்பந்தப்பட்ட தகவல், சாஃப்ட்வேர், ஃபங்ஷன். சாவி, இம்மொபிலைசர், கதவுப் பூட்டு மாதிரி. பிரேக், சர்வீஸ் ரீசெட், ஃபால்ட் கோடு படிக்கிறது எதுவும் இதுல வராது. ஐரோப்பிய ஒன்றியத்தோட 2018/858 ரெகுலேஷன்ல பத்தாவது இணைப்ப 2021/1244ங்குற இன்னொரு ரெகுலேஷன் வச்சு மாத்துனாங்க, 2023 ஆகஸ்ட் 1லேர்ந்து அமல், படிச்சுப் பாத்தீங்கன்னா தெளிவா இருக்கும்.

அவர் குழப்பிக்கிட்டது செக்யூர் கேட்வேயோடன்னு நினைக்கிறேன். 2015ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஜீப் செரோக்கிய தூரத்துலேர்ந்தே கட்டுப்படுத்திக் காட்டுனாங்க, 14 லட்சம் வண்டிய திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு, அதுக்கப்புறம்தான் ஓபிடி போர்ட்டுக்கும் (டயக்னோஸ்டிக் மெஷின சொருகுற இடம்) வண்டிக்குள்ள இருக்குற நெட்வொர்க்குக்கும் நடுவுல கேட்வே பூட்டு வர ஆரம்பிச்சது. ஃபோக்ஸ்வாகன்ல எஸ்எஃப்டின்னு கோல்ஃப் 8லேர்ந்து வருதே அதுவும் இந்த வகைதான். அது வேற பூட்டு, செர்மி வேற. அந்தக் கேட்வேக்காக ரெஜிஸ்டர் பண்ணு, இன்டர்நெட்ல இரு, சந்தா கட்டுன்னு ஃபியட் கிரைஸ்லர் போட்ட நிபந்தனைய எதிர்த்து ஏடியூ (கராஜ் செயின்), கார்கிளாஸ் (கார் கண்ணாடி மாத்துறவங்க) ரெண்டு கம்பெனியும் கோலோன் கோர்ட்டுக்குப் போனாங்க, அங்கேர்ந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய் 2023 அக்டோபர் 5ல தீர்ப்பு வந்துச்சு, ரெகுலேஷன்ல இல்லாத நிபந்தனைய கம்பெனி தானா சேர்க்க முடியாதுன்னு. தனி கராஜ் வச்சிருக்குற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய தீர்ப்பு இது, யாராச்சும் மிரட்டுனா நம்பர் சொல்லுங்க: சி-296/22.

பாரிஸ்_மெக்
எனக்கு இது முழுக்க அநியாயமாத்தான் படுது. கள்ளன் போர்ட்டலுக்குள்ள சந்தா கட்டி வாறானோ? அவன் ரிலே பெட்டியால திறப்பின்ட சிக்னலை இழுக்கிறான், ஹெட்லைட் வயருக்குள்ளால கான் (காருக்குள்ள யூனிட்டுகள் பேசிக்கொள்ளுற நெட்வொர்க்) மெசேஜ் குடுத்துக் காரைக் கொண்டுபோறான். 20 வருஷமா நேர்மையா வேலை செய்யிறவனை பொலிஸ் பேப்பர் கொண்டுவா எண்டு நிக்கவைக்கிறது. சந்தையில கார்க் கொம்பனியோட சேராத வெளி மெஷின் எத்தனை கிடக்கு, அதால திறப்பு அடிச்சிட்டுப் போகலாம்.

ரொட்டர்டாம்_அண்ணை
உங்கட கோவம் விளங்குது, ஆனா கடைசியா சொன்னதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். 2012 பக்கம் இங்கிலாந்தில பிஎம்டபிள்யூ காருகளை ஓபிடியில மெஷினைக் குத்தி வெறும் திறப்பை கோட் பண்ணிக் கொண்டுபோனது ஞாபகம் இருக்கோ? அந்த வழி திறந்து கிடந்ததைக் காட்டித்தான் கொம்பனியள் "பாத்தியளோ, வெளி கராஜுக்குக் குடுத்தா இப்பிடித்தான்" எண்டு கதவைச் சாத்தப் பாத்தவை. இப்ப எங்களிட்ட ஆள் ஆளா சோதிச்ச அனுமதி இருக்கு, தரமாட்டன் எண்டு சொல்ல அவைக்கு இனி நியாயம் இல்லை. நான் அதைப் பெரிய வெற்றியாத்தான் பாக்கிறன்.

மற்றது, கார் களவு போனா இன்சூரன்ஸ்காரன் எல்லாத் திறப்பையும் கொண்டுவா எண்டு கேட்டு, கொப்பி அடிச்ச அடையாளம் இருக்கோ எண்டு ஆராய்வான். நீங்கள் வெளி மெஷினால அடிச்சு ஒரு பதிவும் இல்லாட்டி பாவம் அந்தக் கஸ்டமர்தான் மாட்டுவார். போர்ட்டலால செய்தா யார், எப்ப, எந்த வாகனத்துக்கு எண்டு பதிவு நிக்கும், அது எங்களுக்குக் காவல்.

மிச்சிகன்_ராஜ்
இங்க அமெரிக்காவுல இது ரொம்ப வருஷமா ஓடுது. நாஸ்டஃப்னு ஒரு அமைப்பு, அதுல வெஹிக்கிள் செக்யூரிட்டி ப்ரொஃபஷனலா பதிவு பண்ணணும், பேக்ரவுண்ட் செக், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு, லாக்ஸ்மித்தும் மெக்கானிக்கும் ஒரே பட்டியல்தான். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது டி-1 ஃபார்ம். சாவி கோடு எடுக்குற ஒவ்வொரு தடவையும் கஸ்டமரோட ஐடியயும் வண்டி அவங்களோடதுதானான்னும் பாத்து நிரப்பி வைக்கணும். வண்டியோட வந்து நிக்கிறவர் உண்மையான ஓனரான்னு பாக்குறதுலதான் எல்லாமே இருக்கு, அதுல அசந்துட்டா எந்த சர்ட்டிஃபிகேட்டும் காப்பாத்தாது. தெரிஞ்சவர்தானேன்னு யாருக்கும் விட்டுக்கொடுக்காதீங்க, சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.

டோர்ட்முண்ட்_கராஜ்
எல்லாருக்கும் கோடி நன்றி. அப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே போடுறன். ஐடியும் ஃபார்ட்சொய்க்ஷைனும் (வாகனப் பதிவுப் பத்திரம்) பாத்து கொப்பி வைக்காம திறப்பு வேலை எடுக்கிறேல்ல எண்டு தம்பியிட்ட இண்டைக்கே சொல்லியாச்சு. இன்னொண்டு: காப்புறுதிப் பேப்பருக்குப் பழைய பெட்ரீப்ஸ்ஹாஃப்ட்ஃப்ளிக்ட் (கராஜின்ட பொறுப்புக் காப்புறுதி) காணுமோ?

ரொட்டர்டாம்_அண்ணை
அனேகமா காணும், ஆனா ஆளுக்கு ஏற்படுற சேதத்துக்கும் பொருள் சேதத்துக்கும் எவ்வளவு தொகை எண்டு வேற வேறயா எழுதின உறுதிக் கடிதம் ஒண்டு இன்சூரன்ஸிட்ட கேட்டு வாங்கும். பொலிசியை மட்டும் அனுப்பினா திருப்பி அனுப்புவினம், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அதால கன நாள் இழுபட்டவர். பொலிஸ் நற்சான்றைக் கடைசியா எடும், பழசாப் போனா ஏற்கமாட்டினம்.

செந்தில்_ஸ்டுட்கார்ட்
அப்புறம், அனுமதி வர்ற வரைக்கும் சும்மா இருக்காம ஜே2534 பாஸ்த்ரூ டிவைஸ் (கம்பெனி சாஃப்ட்வேர வண்டியோட இணைக்குற பெட்டி) ஒண்ணு பாத்து வச்சுக்குங்க. உங்ககிட்ட அடிக்கடி வர்ற ரெண்டு மூணு பிராண்டோட போர்ட்டல்ல எந்த டிவைஸ ஏத்துக்கறாங்கன்னு போட்டிருப்பாங்க, அதப் பாத்துட்டு வாங்குங்க. கோடிங் நேரத்துல பேட்டரி சப்போர்ட் சார்ஜர் போடாம எந்த யூனிட்டயும் தொடாதீங்க, பாதியில வோல்டேஜ் விழுந்தா அந்த யூனிட் அதோட போச்சு.