ஒரே நரம்பில் எடுத்த இரத்தம், இரண்டு முடிவுகள்

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், தாமிரமும் பெரிலியமும் கலந்த உலோகத்தைக் கடையும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். காற்றில் இருக்கக்கூடிய பெரிலியத்தின் வரம்பைக் கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராமிலிருந்து 0.2 ஆகக் குறைத்த 2017ஆம் ஆண்டு விதி வந்த பிறகுதான் எங்களுக்கு இந்த இரத்தப் பரிசோதனையே கிடைத்தது; உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் பெரிலியத்துக்கு எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டனவா என்று அது பார்க்கிறது, அந்த நிலையைத்தான் உணர்திறன் என்கிறார்கள். எனக்கு முதல் முடிவு ‘இயல்பற்றது’ என்று வந்தது. அந்தத் தாளை மனைவியிடம் காட்டாமல் நான்கு நாள் சாப்பாட்டுப் பையிலேயே மடித்து வைத்திருந்தேன். மறுபடியும் இரத்தம் எடுத்து, இரண்டு ஆய்வகங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒன்று ‘இயல்பு’ என்றது, மற்றொன்று ‘எல்லைக்கோடு’ என்றது. இயல்பற்ற முடிவு ஒன்றும் எல்லைக்கோட்டு முடிவு ஒன்றும் சேர்ந்தால் உணர்திறன் உறுதி என்பதால், ஓர் ஆய்வகம் இயல்பு என்று சொல்லியும் நான் உறுதியானவர்களின் பட்டியலில் சேர்ந்தேன். அந்த உணர்திறன் பின்னால் கொண்டுவரக்கூடிய நுரையீரல் நோய் எனக்கு இதுவரை இல்லை. ஆனால் கடைசல் இயந்திரத்தின் பக்கம் திரும்பப் போகவில்லை.

*

ஐயா, நான் இப்படிப்பட்ட தொழிலாளர்களுக்கு இரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவள். நீங்கள் சொன்ன முரண்பாடு எனக்குப் புதிதல்ல. சர்க்கரையை அளப்பதுபோல இரத்தத்தில் உள்ள ஒரு பொருளை அளக்கும் சோதனை அல்ல இது. வெள்ளையணுக்களை உயிரோடு வளர்த்து, மூன்று செறிவுகளில் பெரிலியம் உப்பைச் சேர்த்து, அவை பெருகுகின்றனவா என்று இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்க்கிறார்கள். கிடைக்கும் ஆறு அளவீடுகளில் குறைந்தது இரண்டு வரம்பைத் தாண்டினால் இயல்பற்றது, ஒன்று மட்டும் தாண்டினால் எல்லைக்கோடு. வழியில் அணுக்கள் செத்துவிட்டால் எதையும் சொல்ல முடியாது. குளிர் ஆகாது என்ற விவரம் தெரியாத ஒருவர் பெட்டிக்குள் பனிக்கட்டிப் பொதியை வைத்து அனுப்பியதால், ஒரு வெள்ளிக்கிழமையின் குழாய்கள் மொத்தமும் வீணானதை நானே பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், தவறான அபாய மணியைவிடத் தவறான நிம்மதிதான் இதில் பெரிய குறை. ஒரே ஒரு முறை செய்தால், உணர்திறன் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை தப்பிவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு இரண்டு முறை இயல்பு என்றே வந்தது. மூன்றாவது சோதனையும் அதற்கடுத்ததும் இயல்பற்றவை என்று வந்தபோது அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முந்தைய சோதனைகள் தவறவிட்டனவா, உணர்திறனே பின்னால்தான் வந்ததா என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்தத் தாள்களில் பதில் இல்லை.