மறு: விரிகுண்டா, மலர்குண்டா?

> வேட்டை நூலின் மொழிபெயர்ப்பில் காலிபருக்குத் ‘துப்பாக்கித் திறன்’ என்று போட்டிருக்கிறேன். எக்ஸ்பாண்டிங் புல்லட்டுக்கு (உடலில் பாய்ந்ததும் முனை விரியும் குண்டு) ‘மலர்குண்டு’. சரிதானே?

அண்ணே, வணக்கம்.

முதலாவது வேண்டவே வேண்டாம். காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அவ்வளவுதான். ‘திறன்’ என்று எழுதினால், துளை பெரிதானால் அடியும் பெரிது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். முயலுக்கு எடுக்கும் .22-இன் குண்டும் .223 ரெமிங்டன் குண்டும் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னதன் ஆற்றல் பத்து மடங்குக்குப் பக்கம் வரும். ‘துளைவிட்டம்’ போதும். த்ரீ நாட் த்ரீ (.303) துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய .311 அங்குலம் இருக்கும் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். .303 என்பது குழலுக்குள் சுரிவரியின் (உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்களின்) மேட்டுக்கு மேடு எடுத்த அளவு. பள்ளத்தையும் அடைக்கக் குண்டு சற்றுப் பருத்திருக்க வேண்டும்.

இனி ‘மலர்குண்டு’. தேவிபட்டினத்தில் எங்கள் பெரியப்பாவின் வெற்றிலைப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தது. உடங்காட்டுப் பன்றியின் தோளிலிருந்து எடுத்ததாம், 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முந்திய கதை. மூக்கு ஈயம் பின்னால் மடிந்து, செம்பு உறை நாலைந்தாகக் கிழிந்து சுருண்டிருக்கும். பூ மாதிரி என்று சொல்லலாம்தான். ஆனால் பெரியப்பா சொன்னது, “முளையடிச்ச மாதிரி கொண்டை போட்ருச்சு பாரு.” வலை காயப்போட அடிக்கும் முளையின் தலை, சம்மட்டி பட்டுப் பட்டு விரியுமே, அதேதான். மாலை கட்டும் சொல்லை இதற்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

‘விரிகுண்டு’ என்போம். வினைத்தொகை என்பதால் பெட்டியில் இருக்கும் விரியப்போகிற குண்டுக்கும், பன்றிக்குள் விரிந்துவிட்ட குண்டுக்கும் ஒரே சொல் பொருந்தும். க் போட்டு ‘விரிக்குண்டு’ ஆக்கிவிடாதீர்கள். நம் வீட்டு வாசலிலேயே பாக் விரிகுடா இருக்கிறது, யாரும் விரிக்குடா என்பதில்லை. எதிர்ச்சொல் ‘விரியாக் குண்டு’, இங்கே மட்டும் க் மிகும்.

இந்த ஜோடி இல்லாமல் உங்கள் மொழிபெயர்ப்பின் மூன்றாம் அத்தியாயம் நகராது. மானை விரியாக் குண்டால் சுட்டால், அது ஊசி போல் ஒரு துளை போட்டு, மிச்ச ஆற்றலோடு மறுபக்கம் போய்விடும். மான் நெடுந்தூரம் ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். விரிகுண்டு அந்த ஆற்றலை உள்ளேயே இறக்கிவிடுகிறது. யானைக்கு இது தலைகீழ்: விரிந்தால் மண்டையோட்டைத் தாண்டாது, விரியாக் குண்டுதான் வேண்டும். சின்னக் குண்டை மிகுந்த வேகத்தில் பன்றித் தோளில் விட்டால் மேலேயே நொறுங்கி, ஆழமில்லாத புண்ணோடு நின்றுவிடுவதும் உண்டு.

விரிகுண்டுக்கு வழங்கும் ‘டம்டம்’ என்ற பெயரையே விட்டுவிடலாமே என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அது கல்கத்தா பக்கத்து ஊர்ப் பெயர். விரிகுண்டைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1899-இல் ஹேக்கில் அறிவித்தார்கள். அந்தச் சொல்லில் போர் வாடை போகாது. வேட்டையில் அதே குண்டுதான் இரக்கமானது என்கிறார்கள். வேடிக்கைதான்.

செக்‌ஷனல் டென்சிட்டிக்குத்தான் திணறுகிறேன். ‘குறுக்குவெட்டு அடர்த்தி’ என்றால் உலோகத்தின் அடர்த்தி போலத் தொனிக்கிறது. விஷயம் வேறு, குண்டின் குறுக்குப் பரப்புக்கு எவ்வளவு எடை என்பதுதான்: மண்டாவின் (மீன் குத்தும் ஈட்டியின்) முனை அதே அளவு, கம்பு கனமானால் இன்னும் ஆழமாக இறங்கும். ‘முகப்பெடை’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், காதுக்குப் பழகவில்லை. கடற்கரைக்காரர்கள் யாராவது மண்டாக்காரர்களிடம் கேட்டு எழுதுங்களேன்.