ஸ்ட்ரீமருக்குத் தனி டிஏசி தேவைதானா?

கேள்வி:
இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஓடவிடும் என் ஸ்ட்ரீமரின் அனலாக் வெளியீட்டை நேரடியாக ஆம்ப்ளிஃபையரில் இணைத்து இரண்டு ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்டு வருகிறேன். குறை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும், ஸ்ட்ரீமருக்குள் இருக்கும் டிஏசி (டிஜிட்டல் தரவை அனலாக் ஒலிச் சைகையாக மாற்றும் பகுதி) பெயரளவுக்கே வைக்கப்படுவது என்றும், தனி டிஏசி வாங்கினால் குரலும் வாத்தியங்களும் பிரிந்து தெளிவாகக் கேட்கும் என்றும் பலர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஊசலாடுகிறது. காதுக்கு எட்டும் வேறுபாடு உண்மையிலேயே இருக்குமா?

மறுமொழி 1:
நண்பரே, இப்போது இரைச்சலோ உறுமலோ கேட்கவில்லையென்றால், பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்காதீர்கள். சிடி தரத்திலுள்ள 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சுமார் 96 டெசிபல். நன்றாக வடிவமைக்கப்பட்ட ஸ்ட்ரீமர்களின் டிஏசி அந்த அளவை எளிதாக எட்டிவிடுகிறது.

வேறுபாடு கேட்டதாகச் சொல்பவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டிருப்பார்கள் என்பதே என் எண்ணம். ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பது நம் காதுக்கு உரப்பாகத் தோன்றாமல் தெளிவாகவே தோன்றும். எனவே யாரிடமாவது ஒரு டிஏசியை இரவல் வாங்கி, 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு வழிகளிலும் மின்னழுத்தம் 1 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 0.1 டெசிபலுக்குள், ஒத்திருக்குமாறு அமையுங்கள். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றித்தர, கேட்டுச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் தனி டிஏசியால் பயனே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். என் ஸ்ட்ரீமருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே கிரவுண்ட் லூப் (தரை இணைப்புகள் வழியே உருவாகும் வேண்டாத மின்சுற்று) உண்டாகி, பாட்டு நின்ற பிறகும் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்ட்ரீமரிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாகத் தனி டிஏசிக்குக் கொண்டுசென்றதும் அது அடங்கிவிட்டது. அந்த இழையில் ஒளி மட்டுமே போவதால் இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை.

ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கும் சில நேரம் பலன் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையரால் வருவது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டிஏசி ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன். முதல் நாள் டிஏசிதான் மேல் என்று உறுதியாக நம்பினேன். அளந்து பார்த்தால் ஸ்ட்ரீமர் வழியில் 1.6 வோல்ட், டிஏசி வழியில் 2 வோல்ட், கிட்டத்தட்ட 2 டெசிபல் வேறுபாடு. டிஏசியின் ஒலியளவுக் குமிழைக் குறைத்துச் சமப்படுத்திய பின், என் தங்கை மாற்றிமாற்றி ஓடவிட, 16 முறையில் 9 முறைதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும். டிஏசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு, சுவரை ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னே நகர்த்தியபோது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளின் குழப்பம் குறைந்ததை, கண்ணை மூடிக்கொண்டும் என்னால் சொல்ல முடிந்தது.