குதிரைகளுக்குச் செய்த சிறு அறுவைச் சிகிச்சைகள்: செட்டிநாட்டு வளர்ப்பாளர்களின் அனுபவப் பகிர்வு

காரைக்குடியிலிருந்து:

குதிரையைக் காயடிக்க மார்கழி மாதமே ஏற்றது என்று எங்கள் பக்கத்து வண்டிப் பந்தயக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெயில் தணிந்திருக்கும், ஈத்தொல்லையும் குறைவு. இரண்டு வயது நிரம்பாத எங்கள் கத்தியவாரி இன ஆண் குட்டிக்கு அப்போதுதான் செய்தோம். வந்த கால்நடை மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன்பே, இரண்டு விதைகளும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார்; ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் லாயத்தில் வைத்துச் செய்ய முடியாது, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை வேப்பேரிக் கல்லூரிக்கோதான் கொண்டுபோக வேண்டும் என்றார். இரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டாயிற்றா என்பதை இருமுறை கேட்டார். மாட்டைவிடக் குதிரைக்கு அந்த நோய் எளிதில் தொற்றும் என்பதால் அந்தக் கேள்வி அவசியமானதே.

கழுத்து இரத்தக்குழாயில் சைலசின் என்ற மயக்க மருந்தை ஏற்றிய சில நிமிடங்களில் குட்டியின் தலை முழங்கால் அளவுக்குத் தாழ்ந்தது, கீழுதடு தொங்கிற்று. ஆனாலும் மருத்துவர் பின்னங்காலுக்கு நேரே நிற்கவில்லை, தோளை ஒட்டியே நின்றார். அரைமயக்கத்தில் இருக்கும் குதிரையும் குறிபார்த்து உதைக்கும். மரத்துப்போக ஊசி போட்டுக் கீறியபின், விதைக்கொடியை நசுக்கியபடியே அறுக்கும் இடுக்கியை, நசுக்கும் பக்கம் உடலை நோக்கி இருக்குமாறு பொருத்திச் சில நிமிடங்கள் விடாமல் பிடித்திருந்தார். தையல் போடவில்லை. நீர் வடிந்து போகட்டும் என்று புண்ணைத் திறந்தே விட்டுவிட்டு, மறுநாள் முதல் காலையும் மாலையும் நடக்கவிடச் சொன்னார். கட்டியே போட்டால் ஆண்குறியின் உறை வீங்கிவிடும்.

அன்றிரவு சொட்டுச் சொட்டாக இரத்தம் வந்தது. சொட்டுகளை எண்ண முடிகிறவரை பொறுத்திருக்கலாம், நூல் பிடித்தாற்போல ஒழுகி, கால் மணி நேரம் கடந்தும் நிற்காவிட்டால் உடனே அழைக்க வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை. புண்ணின் வழியாகக் குடல் எட்டிப் பார்ப்பது அரிது. அப்படி நேர்ந்தால் ஈரமான சுத்தத் துணியால் தாங்கிப் பிடித்தபடி மருத்துவரை வரவழைப்பது ஒன்றே வழி. காயடித்த பிறகும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் திறன் மிஞ்சியிருக்கக்கூடும் என்பதால் பெட்டைக் குதிரையின் பக்கத்தில் கட்டக் கூடாது.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து:

காரைக்குடி அண்ணன் எழுதிய அளவுக்குப் பெரிய கதை எங்களிடம் இல்லை. எங்களுக்கு வாய்த்தது கருவேல முள். கண்மாய்க் கரையெங்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. முதல் நாள் ஓடிய குதிரை மறுநாள் காலையில் ஒரு காலை ஊன்றவே இல்லை. எலும்பு முறிந்துவிட்டதென்றே நினைத்தோம். குளம்பைக் குறடால் வரிசையாக அழுத்திவந்த மருத்துவர், குதிரை காலை வெடுக்கென்று இழுத்த இடத்தில் வளைகத்தியால் சிறு துளை செய்ததும் கறுத்த சீழ்நீர் நாற்றத்தோடு பீச்சியது. எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, குழந்தைகளுக்கான டயப்பரைக் குளம்பில் சுற்றி மேலே ஒட்டுநாடா போட்டுச் சாக்குத் துணியால் கட்டினோம். இரண்டே நாளில் நொண்டல் பெரும்பாலும் தீர்ந்தது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். ஆணியோ முள்ளோ உள்ளங்காலின் நடுவில், ‘தவளை’ எனப்படும் முக்கோண வடிவ மெத்தைப் பகுதியில் ஆழமாக ஏறியிருந்து, மருத்துவரும் விரைவில் வந்துவிடுவார் என்றால், அதை நாமே பிடுங்கிவிடாமல், மேலும் ஏறாதபடி காலைப் பாதுகாத்து வைத்திருப்பது நல்லது. ஆணியாக இருந்தால், அது எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க முடியும்.

திருப்பத்தூர் சாலையிலிருந்து:

வண்டிச் சட்டம் உரசிப் பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் ஏற்பட்ட புண், ஆறுவதற்குப் பதிலாகச் செக்கச்செவேலென்று சதை பொங்கி நின்றது. மயில்துத்தம் வைத்துக் கரிக்கச் சொன்னவர்கள் பலர். அது நல்ல தோலின் ஓரத்தையும் சேர்த்துச் சுட்டுவிடும். மருத்துவர் அந்தச் சதையைத் தோல்மட்டத்துக்குச் சீவினார். அதில் நரம்பு இல்லாததால் குதிரை அசையவில்லை, ஆனால் இரத்தம் கொட்டியது. அது மறைத்துவிடாதபடி கீழிருந்து மேலாகவே சீவிக்கொண்டு போனார். பிறகு அழுத்திக் கட்டிய கட்டைக் குறித்த நாளில் மாற்றுவதுதான் எங்கள் வேலையாக இருந்தது. ஓரத்திலிருந்து புதுத்தோல் உள்நோக்கி வளர்ந்து மூட ஒரு கோடைக்காலம் பிடித்தது.