வேப்பெண்ணெய் பூசிய யூரியா மெதுவாகக் கரையுமாம்!

மண்வெட்டி:
மாடித்தோட்டம் பகுதியில் வேப்பமரத்தடி எழுதியதைப் படித்தேன். "வேப்பெண்ணெய் பூசிய யூரியா மெதுவாகத்தான் கரையும், பயப்படாமல் தொட்டிக்குப் போடலாம், கிட்டத்தட்ட இயற்கை உரம்தான், பூச்சியும் அண்டாது" என்கிறார். அதற்குக் கீழே நன்றி ஐயா, நன்றி ஐயா என்று ஒரே கூட்டம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கிப் பாருங்கள். டம்ளர் கைக்கு ஜில்லென்று ஆகும், குருணை கண்ணெதிரே காணாமல் போகும். எங்கே ஐயா மெதுவாக?

வேப்பமரத்தடி:
கலக்கினால் எதுதான் கரையாது? மண்ணுக்குள் யார் கரண்டி விட்டுக் கலக்குகிறார்கள்? இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. சும்மாவா? மெதுவாக வேலை செய்யும் என்பதால்தான்.

மண்வெட்டி:
நான் கேட்டது கரைவது பற்றி. சட்டம் போட்டதால் தண்ணீர் பயந்து நின்றுவிடுமா? அப்புறம், மானிய யூரியா பிளைவுட் பசைக்கும் பால் கலப்படத்துக்கும் போகாமல் தடுப்பதும் அந்த உத்தரவுக்கு ஒரு காரணம். அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

பூச்சு என்றால் ஏதோ கவசம் என்று நினைக்கிறீர்கள். விதிப்படி வேப்பெண்ணெய் குறைந்தது 350 பிபிஎம் இருக்க வேண்டும். அதாவது ஒரு கிலோவுக்கு 350 மில்லிகிராம். 45 கிலோ மூட்டை முழுவதுக்கும் சேர்த்து 16 கிராம்கூட வராது. நீங்கள் தொட்டிக்குப் போடும் 5 கிராமில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு. இதைப் பார்த்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அலறி ஓடுமா? தெளிப்புக்கு லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெய் ஊற்றியே அது சில நேரம் அசைவதில்லை.

தொட்டிச்செடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் ரோஜாவில் கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. யூரியா போடலாமா, கூடாதா?

அரப்புமோர்:
இரண்டு பேருமே வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். யூரியா தண்ணீரில் சட்டென்று கரையும், பூச்சு இருந்தாலும். மண்ணில் அது முதலில் அம்மோனியம் ஆகும். அதை நைட்ரைட்டாக மாற்றுவது நைட்ரோசோமோனாஸ் பாக்டீரியா, அடுத்த படிதான் நைட்ரேட். வேம்பு மட்டுப்படுத்துவது அந்தப் பாக்டீரியாவை. அம்மோனியம் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும், நைட்ரேட் தண்ணீரோடு தொட்டியின் ஓட்டை வழியே போய்விடும். அதனால் இந்த மாற்றம் மெதுவானால் சத்து மண்ணில் கூடுதல் நாள் நிற்கும். மேலாகத் தூவிவிட்டு வெயிலில் விட்டால் அம்மோனியா வாயுவாகப் பறப்பதை வேம்பு தடுக்காது. மண்ணைக் கிளறி மூடித் தண்ணீர் விட வேண்டும்.

வேப்பமரத்தடி:
பார்த்தீர்களா, மட்டுப்படுத்துகிறது என்று அவரே சொல்லிவிட்டார். மெதுவாக என்றுதானே நானும் சொன்னேன்.

மண்வெட்டி:
"சட்டென்று கரையும்" என்ற வரி உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? நீங்கள் எழுதியது "மெதுவாகக் கரையும்". அதை நம்பிப் புதியவர் ஒருவர் ஒரு கைப்பிடி அள்ளிச் சின்னத் தொட்டியில் போட்டால் வேர் கருகும். 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) ஐயா, சத்துமாவு இல்லை.

கீரைக்காரி:
எந்த எண்ணெய் பூசினாலும் யூரியா யூரியாதான். என் தோட்டத்தில் மண்புழு உரம், மட்கிய தென்னை நார்க்கழிவு, வேப்பம் புண்ணாக்கு, அவ்வளவுதான். விவசாயிக்கு மானியத்தில் 266 ரூபாய்க்குக் கிடைக்கும் மூட்டையைப் பிரித்து மொட்டைமாடிச் செம்பருத்திக்குப் போட வெட்கமாக இல்லையா?

மண்வெட்டி:
வாங்க அக்கா, உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன். அந்தத் தென்னை நார்க்கழிவு எப்படி மட்கியது என்று கேட்டீர்களா? ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் போட்டு மட்க வைப்பதுதான் பரவலான முறை. பாக்கெட்டில் பச்சை இலைப் படம் இருந்தால் போதும் உங்களுக்கு.

கீரைக்காரி:
எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. நான் வாங்குகிற இடத்தில் சாணிக்கரைசல்தான். வாழைப்பழத்தோல் தண்ணீரை நான் எழுதியபோதும் இப்படித்தான் கிண்டல் செய்தீர்கள். அன்றைக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னவர் வேப்பமரத்தடி ஐயாதான்.

மண்வெட்டி:
அதில் வந்தது பழ ஈக் கூட்டம். அதற்கும் ஆறுதல் சொன்னாரா?

தொட்டிச்செடி:
ரோஜா...

அரப்புமோர்:
கீழ் இலையில் மஞ்சள் தொடங்கினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், தண்ணீர் தேங்கினாலும் அப்படி ஆகும். முதலில் விரலை விட்டு ஈரம் பாருங்கள். துளிர் மஞ்சளானால் அது வேறு, பெரும்பாலும் இரும்புச்சத்துப் பிரச்சினை.

வேப்பமரத்தடி:
அப்படியே யூரியாவும் கொஞ்சம் போடுங்கள் அம்மா. வேம்பு பூசியதுதான், மெதுவாகத்தான் கரையும்.

மண்வெட்டி:
மறுபடியுமா! இவ்வளவு எழுதியும் அதே வார்த்தை. டம்ளரில் போட்டுப் பார்த்தீர்களா, இல்லையா? ஆம், இல்லை, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:
நான் டம்ளரில் செடி வளர்ப்பதில்லை. எனக்கு உரம் போட்டுப் பழக்கம், உங்களுக்கு எழுதிப் பழக்கம். உரக்கடையில் ஆதாரைக் கொடுத்து விரல் வைத்து யூரியா வாங்கியிருக்கிறீர்களா ஒரு தடவையாவது?

மண்வெட்டி:
கேள்விக்குப் பதில் இல்லை என்றால் ஆதார் கேட்பீர்களோ? போன ஆடியில் புடலை விதை அனுப்புகிறேன் என்று என் முகவரி வாங்கினீர்களே, அந்த விதை எங்கே? அதுவும் மெதுவாகத்தான் வருமா?

கீரைக்காரி:
எனக்கு வந்தது. நன்றாகவே முளைத்தது.

மண்வெட்டி:
உங்களுக்கு வராமல் இருக்குமா அக்கா.

வேப்பமரத்தடி:
தபாலில் போட்டேன். கொரியர் ரசீது இருக்கிறது.

மண்வெட்டி:
தபாலா, கொரியரா? முதலில் அதை முடிவு செய்துவிட்டு வாருங்கள்.