தரைச்சூடேற்றத்தில் ‘கம்பிப் பாவு’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

தரைக்கு அடியில் மின்கம்பியோ வெந்நீர்க் குழாயோ பதித்து அறையைச் சூடாக்கும் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் என்பதற்கு, இந்தக் கலைச்சொல் பட்டியலுக்காக வந்துள்ள ‘தரைக்கீழ் வெப்பமூட்டல்’, ‘வெப்பத்தளம்’ என்ற இரு பரிந்துரைகளையும், காரைக்குடியில் தளவேலை செய்பவன் என்ற முறையில் கவனமாகப் படித்தேன். குளிர்ச்சியாக இருக்கும்படி, பட்டாலை என்னும் கூடமும் வளவு என்னும் முற்றமும் வைத்துக் கட்டிய எங்கள் ஊர் வீடுகளில் இதற்கு வேலையில்லை. ஆயினும் குளிர்நாட்டில் வாழும் உறவினர் தம் வீட்டுக்கு ஆத்தங்குடித் தரைக்கல் கேட்கும்போது, வேலைக்குறிப்பைத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. ‘தரைக்கீழ் வெப்பமூட்டல்’ என்றால் கொத்தனார் நிலவறையை நினைப்பார். ‘வெப்பத்தளம்’ என்றால் மொட்டைமாடியில் பதிக்கும் தட்டோட்டை நினைப்பார். மின்கம்பியோ கல்லுக்கு நேர் அடியில், ஒட்டுக்கலவைக்குள் கிடக்கிறது. ஆகவே ‘தரைச்சூடேற்றம்’ என்பதே போதும். வெந்நீர்க் குழாய் ஓடும் வகையை ‘நீர்வழித் தரைச்சூடேற்றம்’ என்று பிரித்துச் சொல்லவும் அது இடங்கொடுக்கும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது லேஅவுட்டுக்கான, அதாவது கம்பியைத் தரையில் ஓட்டும் ஒழுங்குக்கான சொல். ‘தளவமைப்பு’ என்று எழுதினால், அறையின் வரைபடமா கம்பி ஓடும் ஒழுங்கா என்பது விளங்காது. தரையில் கல் பதிப்பதைக் ‘கல் பாவுதல்’ என்கிறோம்; கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியில் நீளவாட்டில் இணையாக ஓடும் நூல் ‘பாவு’. வளைந்து திரும்பினாலும் ஒன்றையொன்று தொடாமல், சம இடைவெளியில் ஓடவேண்டிய சூட்டுக்கம்பிக்கு இவ்விரு பொருளும் பொருந்துவதால், ‘கம்பிப் பாவு’ என்று முன்மொழிகிறேன். ஊடை (குறுக்கு நூல்) இல்லாத பாவு என்று சொன்னாலே, கம்பியைக் குறுக்கே கடத்தக்கூடாது என்பது நெசவு தெரிந்தவருக்குப் புரிந்துவிடும்.

சொல் நிற்குமா என்பதை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறையின் பரப்பு 12 சதுர மீட்டர். அதில் நிலையான அலமாரிகள் 3 சதுர மீட்டரை அடைத்தால், அவற்றின் அடியில் சூடு வெளியேற வழியின்றித் தேங்கும் என்பதால் அது ‘பாவா இடம்’. மீதி 9 சதுர மீட்டர் ‘பாவு பரப்பு’. சதுர மீட்டருக்கு 150 வாட் என்று கொண்டால் 1350 வாட் தேவை; மீட்டருக்கு 15 வாட் தரும் கம்பியில் அது 90 மீட்டர். 9-ஐ 90-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.1 மீட்டர், அதாவது 10 சென்டிமீட்டரே ‘பாவு இடைவெளி’. சூட்டுக்கம்பியை வெட்டிக் குறைக்க முடியாது; வலையோடு வரும் சூட்டுப்பாயிலும் வலையை மட்டுமே வெட்டித் திருப்பலாம். எனவே பாவா இடத்தை முடிவு செய்த பிறகே கம்பி வாங்கவேண்டும் என்பதைக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.

சூட்டுக்கம்பியை மின் இணைப்போடு சேர்க்கும், தான் சூடேறாத கம்பித்துண்டான கோல்டு டெயிலுக்குக் ‘குளிர்வால்’ வேண்டாம்; அது எதையும் குளிர்விப்பதில்லை. ‘சூடேறா முனை’ என்பது தெளிவாக இருக்கிறது.

தரைச் சூட்டை அளக்கும் உணரியை அடுத்தடுத்து ஓடும் இரு பாவுக்கம்பிகளுக்கு நடுவே, பழுதானால் உருவி மாற்றும்படி சிறு குழாய்க்குள் வைப்பார்கள். பாவுக்கம்பியைப் ‘பாவிழை’ என்றும் எழுதலாம்தான். ஆனால் இழை என்றதும் நூல் நினைவுக்கு வருவதால், ‘பாவுக்கம்பி’யையே பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.